பதிலுக்கு ஓர் உயிர்

ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், வந்து பிழைத்தவன் என்று தெரிந்துவிட்டால் புதிதாகப் பழகுகிறவர்கள்கூட என்னை விடுவதில்லை. வாய் பூட்டிக்கொள்ளுமாமே, உடம்பு வில்லாக வளையுமாமே என்று கேட்பார்கள். நானும் வளைந்த கதையைச் சொல்வேன். உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த நோயை ஒட்டி என் வீட்டில் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டில் எது கொடியது என்று கேட்டால் நான் நோயைச் சொல்லமாட்டேன். அதனால் இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். தீவுகளில் ஆட்கள் வந்து குடியேறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் நான் போர்ட் பிளேருக்குக் கப்பலேறினேன். படகு கட்டும் தச்சன் நான். கட்டுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் படகுகளுக்குக் குறைவே இல்லை. அங்கே பத்துபஸ்தி என்ற குடியிருப்பில் தகரக் கூரை போட்ட வீடு. மனைவி பிலோமினா, இரண்டு பெண் பிள்ளைகள், அப்புறம் என் அக்கா மிக்கேலம்மாள்.

அக்காவின் புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். பிள்ளை கிடையாது. ஊரில் அண்டி வாழ ஆளில்லாமல் கிடந்தவளை நான்தான் கூட்டிவந்தேன். வந்த நாளிலிருந்து அடுப்படியும் துணியும் தண்ணீரும் பிள்ளைகளும் அவள் தலையில் விழுந்தன. ஆனாலும் பிலோமினாவுக்கு அவளைப் பிடிக்கவில்லை. "நம்ம அஞ்சு பேருக்கு இந்த வீட்டுல மூச்சு முட்டுது" என்று அக்காவின் காதில் விழும்படிச் சொல்வாள். அக்கா எழுந்து கோயிலுக்குப் போய் முழங்காலிட்டுவிட்டு வருவாள். எங்கள் ஆட்கள் மாதா கோயிலைக் கோயில் என்றுதான் சொல்லுவோம்.

கரையேற்றிய ஒரு பழைய படகின் பலகைகளைப் பெயர்த்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, பலகையில் நின்ற துருப்பிடித்த ஆணி செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியது. பிடுங்கி எறிந்து, மண்ணெண்ணெய் தடவிவிட்டு வேலையைப் பார்த்தேன். தச்சனுக்கு ஆணி குத்துவது ஒரு சேதியா? புண்ணும் ஆறிவிட்டது.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். வாய் பாதிக்குமேல் திறக்கவில்லை. பல்வலியாக இருக்கும் என்று பிலோமினா கிராம்புத் தைலம் தடவிவிட்டாள். மறுநாள் கழுத்து இறுகியது. முதுகு பலகை மாதிரி விறைத்தது. என் சின்ன மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா சிரிக்காவ!" என்று கைதட்டினாள். நான் சிரிக்கவில்லை. கன்னத்துத் தசைகள் தாமாக இழுத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே அந்த முகத்தின்மேல் வெறுப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு வங்காளி. தட்டையான மரக்குச்சியை எடுத்து என் தொண்டையின் உள்சுவரைத் தொட்டார். நல்ல உடம்பாக இருந்தால் குமட்டிக்கொண்டு வாய் திறக்கும். எனக்கு வாய் பட்டென்று மூடிக் குச்சியைக் கடித்தது. அதோடு அவர் சோதனையை முடித்துக்கொண்டார். காலைத் தூக்கிப் பார்த்து, ஆறிப்போன ஆணித் தடத்தைக் கண்டுபிடித்தார்.

அவர் இந்தியில் சொன்னதை, கடைகண்ணிக்குப் போய் இந்தி பழகியிருந்த அக்கா கேட்டுப் பிலோமினாவுக்குச் சொன்னாள். மண்ணிலும் துருவிலும் இருக்கிற ஒரு கிருமி புண்ணுக்குள் போய் நஞ்சை உண்டாக்குகிறது. அந்த நஞ்சு நரம்பில் ஏறித் தசைகளை இறுக்குகிறது. வெளிச்சம், சத்தம், தொடுகை எது பட்டாலும் உடம்பு முழுவதும் இசிவு எடுக்கும். மூச்சு விடுகிற தசையில் இசிவு வந்து நின்றுபோனால் ஆளும் போய்விடுவான். ஊசி மருந்து இனி ஊறப்போகிற நஞ்சைத்தான் தடுக்கும். ஏற்கெனவே நரம்பில் ஏறியதை இறக்காது. அது தானாக இறங்கும்வரை நோயாளி தாக்குப்பிடிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் டாக்டர் சொல்லவில்லை. இந்த நோயில் புத்தி தெளிவாகவே இருக்கும்.

வார்டின் கோடியில் இருந்த அறையில் என்னைப் போட்டார்கள். ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி. கதவின் கீலுக்கு எண்ணெய். காதில் பஞ்சு. பகல் எது, ராத்திரி எது என்று தெரியாது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு ரப்பர் குழாய். அதில் பாலும் கஞ்சித் தண்ணீரும் ஊற்றினார்கள். தசையைத் தளர்த்த இடுப்பில் போட்ட ஊசி மருந்து மூச்சில் நாறும். என் வாயிலிருந்து வருகிற அந்த வாடையை நானே மூச்சாக இழுத்துக்கொண்டு கிடந்தேன். அங்கே இருந்த மலையாளத்து நர்ஸ் செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருவார். அந்த நாட்களில் எனக்குச் செய்யப்பட்ட உதவிகளில் அதைவிடப் பெரியது ஒன்று இருந்ததாக நினைவில்லை.

ஆனால் மழையிடம் செருப்பைக் கழற்றச் சொல்ல முடியாதே. பருவமழை தொடங்கியிருந்தது. தகரக் கூரைமேல் அது இறங்குகிற ஒவ்வொரு தடவையும் என் முதுகு கட்டிலைவிட்டு எழுந்தது. தலையின் பின்பக்கமும் குதிகால்களும் மட்டும் மெத்தையில் பட, நடுவுடம்பு வளைந்து நிற்கும். பற்கள் ஒன்றையொன்று நெரிக்கும். கத்த முடியாது. கத்துவதற்கும் வாய் வேண்டும். மழை விட்டதும் உடம்பு இறங்கும். காக்கை ஒன்று கூரையில் நடந்தால் மறுபடியும் எழும்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிலோமினாவால் அடிக்கடி வர முடியவில்லை. அக்காதான் கட்டிலருகில் தரையில் இருந்தாள். என்னைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்; அவள் தொடவில்லை. மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் இருந்தாள்.

ஒரு நாள் காலையிலிருந்தே மழை விடவில்லை. ஓர் இசிவு இறங்குவதற்குள் அடுத்தது ஏறியது. நாக்கு பற்களுக்கிடையில் சிக்கி, ரத்தம் தொண்டைக்குள் போனது. டாக்டர் வெளியே போய்ப் பேசியது காதுப் பஞ்சையும் மீறிக் கதவிடுக்கு வழியாகக் கேட்டது.

"என்ன சொல்லுதாவ மைனி?" இது பிலோமினா. அவள் அக்காவை மைனி என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னைக்குப் பொழுது தாண்டணுமாம். தாண்டுனா பாக்கலாமாம்."

சாவுக்குமுன் செய்யவேண்டியதைச் செய்ய எங்கள் கோயில் சாமியார் ஊரில் இல்லை. நிக்கோபார் தீவுகளுக்குப் பூசை வைக்கப் போனவர், கடல் கொந்தளிப்பில் கப்பல் வராமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். அவர் இல்லாத நாட்களில் செபம் நடத்துகிற உபதேசியார்தான் வந்தார். அக்காவைத் தவிர யாரையும் உள்ளே விடாத நர்ஸ், அன்று மூன்று பேரையும் விட்டார். எனக்குக் காரணம் புரிந்தது.

உபதேசியார் மெல்லிய குரலில் மனஸ்தாப மந்திரம் சொன்னார். நான் பாவங்களுக்காக மனம் வருந்த வேண்டிய நேரம். எனக்கு வருத்தம் வரவில்லை. மழை எப்போது நிற்கும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. அப்போது அக்காவின் முழங்கால்கள் சிமிட்டித் தரையில் இறங்குகிற சத்தம் கேட்டது.

"ஆண்டவரே, இவன் வேண்டாம். இவனுக்குப் பதிலா என்ன எடும். இவன நம்பி மூணு உசுரு கெடக்கு. என்ன நம்பி ஆரும் இல்ல. முழு மனசோட ஒப்புக்கொடுக்கேன்."

உபதேசியார், "ஆமென்" என்றார்.

அதற்குப் பிறகு, கொஞ்சம் தாமதித்து, ஆனால் தெளிவாக இன்னொரு குரல் "ஆமென்" என்றது. அது பிலோமினா.

நான் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். என் பேரைச் சொல்லி ஒரு உயிர் பேசப்படுகிறது. பேசுகிற மூன்று பேரும் என் தலைமாட்டில் நிற்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை போதும். பூட்டிய தாடையைத் திறக்க உள்ளே இருந்த பலம் அத்தனையையும் திரட்டினேன். அந்த முயற்சியே இசிவைக் கிளப்பிவிட்டது. அதுவரை வந்ததிலேயே கொடுமையானது அதுதான். முதுகுக்குள் ஏதோ நசுங்கியது எனக்குக் கேட்டது. முதுகெலும்பில் ஒரு கணு உடைந்துபோனதைப் பிறகு எக்ஸ்ரே படத்தில் காட்டினார்கள். அதனால்தான் இன்றைக்கும் கூனி நடக்கிறேன்.

என் உடம்பு எழுந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு உபதேசியார் நடுங்கிய குரலில் சொன்னார்: "கேட்டுட்டாரு அம்மா. ஆண்டவர் கேட்டுட்டாரு. பாருங்க, பதில் சொல்லுதாரு."

சாயங்காலம் மழை நின்றது. அன்றைய பொழுதைத் தாண்டினேன். மறுநாள் இசிவுகளுக்கு இடையில் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் கொஞ்சம். நஞ்சு இறங்கத் தொடங்கியிருக்கிறது, வயதும் கைகொடுத்தது என்றார் டாக்டர். அவர் சொன்னதை எங்கள் ஆட்களில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாய் ஒரு விரல் அளவுக்குத் திறந்த அன்று அக்கா கரண்டியில் கஞ்சியோடு குனிந்தாள். நான் சொன்ன முதல் வார்த்தை: "வேண்டாம்."

"ரெண்டு வாயாவது குடி தம்பி. வயிறு காயக்கூடாது" என்றாள் அவள்.

உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை செபத்தில் அதை எல்லாருக்கும் சொல்லிவிட்டார். உயிரைக் கொடுத்துத் தம்பியை மீட்டவள் நம் நடுவில் இருக்கிறாள் என்றாராம். அன்றிலிருந்து அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். அதற்குள் என் அறையின் கம்பளியை எடுத்துவிட்டிருந்தார்கள். திறந்த கதவு வழியாக எல்லாம் தெரியும். அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். செபமாலையை அவள் விரல்களில் வைத்து வாங்கினார்கள். தலைவலி தீரவேண்டும், புருசன் குடியை விடவேண்டும் என்று சொன்னார்கள். குட்வில் எஸ்டேட்டிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். மகனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர்.

"அங்க போனா எம்மவனப் பாப்பீங்க. நெத்தியில ஒரு தழும்பு இருக்கும். அம்மா நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிருங்க" என்றார்.

"சொல்லுதேன்" என்றாள் அக்கா. பக்கத்துத் தெருவுக்குப் போகிறவள் மாதிரிச் சொன்னாள்.

வீட்டிலும் எல்லாம் மாறிப்போனது. பிலோமினா அக்காவுக்குத் தனியாகச் சோறு கட்டிக் கொண்டுவந்தாள். பிள்ளைகளுக்கு மட்டுமென்று ஒதுக்குகிற மீன்சினையை அக்காவின் சோற்றில் வைத்தாள். வராந்தாவில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துத் தலைவாரிவிட்டாள். ஒரு நாள் வெள்ளையில் ஒரு புதுச்சேலை வாங்கிவந்து மடியில் வைத்து, "எடுத்து வச்சுக்கிடுங்க மைனி, தேவப்படும்" என்றாள். அக்கா அந்தச் சேலையின் கரையைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோசப்பட்டாள். அது எதற்காக வாங்கப்பட்டது என்று அவளுக்கும் தெரியும், பிலோமினாவுக்கும் தெரியும், கட்டிலில் கிடந்த எனக்கும் தெரியும்.

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவளுக்கென்று ஒரு சேலை, அவளுக்கென்று ஒரு கவளம், அவளைத் தேடி நாலு பேர் வந்ததெல்லாம் சாகப்போகிறாள் என்றான பிறகுதான்.

கைத்தடி ஊன்றி நான் வீட்டுக்கு வந்தேன். அக்கா சாகவில்லை. வாரங்கள் போயின. தேடிவந்த பெண்கள் குறைந்தார்கள். குழாயடியில் ஒருத்தி, "என்ன யக்கா, இன்னும் இங்கதான் இருக்கியளா?" என்று கேட்டாள். பாதி விளையாட்டாகத்தான் கேட்டாள். மீதிப் பாதி விளையாட்டு இல்லை. மீன்சினை மறுபடியும் பிள்ளைகளின் தட்டுக்குப் போனது. எனக்குச் சளி பிடித்து ராத்திரி இருமினால், காலையில் பிலோமினாவின் கண் அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாக்குக் கொடுத்தவள் இன்னும் நிறைவேற்றவில்லையே என்பதுபோல் பார்ப்பாள்.

ஒரு நாள் காலையில் அக்கா எழுந்திருக்கவில்லை. அடுப்படி ஓரம் முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தாள். முந்தின நாளே தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியிருக்கிறது, சொல்லவில்லை. இப்போது வலி வலது அடிவயிற்றில் இறங்கி நின்றிருந்தது. உடம்பு கொதித்தது. பச்சையாக வாந்தி எடுத்திருந்தாள். எடுத்துவிட்டு அதைத் தானே துடைத்தும் வைத்திருந்தாள். முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், எந்திரி" என்றேன்.

"வேண்டாம்லே. நேரம் வந்துட்டு."

"என்ன நேரம்? வயித்து வலிக்கு நேரமா?"

"சொன்ன சொல்லக் காப்பாத்தணும்லா. நீ போய் உபதேசியாரக் கூட்டிட்டு வா."

நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவள் இரண்டு பிள்ளைகளையும் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றாள். "அவிய மனசார ஒப்புக்கொடுத்தது. அதுல நீங்க ஏன் தலையிடுதிய?" என்றாள்.

"உனக்குப் பைத்தியமா?"

"ஆமா, பைத்தியம்தான். அவிய பிழைச்சா ஆண்டவர் உங்களத் திரும்பக் கேப்பாரே, நான் என்ன செய்ய? இந்தப் பிள்ளையள வச்சுக்கிட்டு இந்தத் தீவுல நான் ஆரு வாசல்ல போய் நிக்க?"

அவள் கத்தவில்லை. அழுதுகொண்டே சொன்னாள். நடிப்பு துளியும் இல்லை. அதற்குள் யாரோ சொல்லி உபதேசியாரும் வந்துவிட்டார். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "குடுத்ததத் திரும்பக் கேக்கக்கூடாது, சூசை. இது பரிசுத்தமான காரியம்" என்று என்னிடம் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள்.

என் முதுகு அவளைத் தூக்கும் நிலையில் இல்லை. தூக்கினாலும் வரமாட்டாள். அவளை எழுப்ப எனக்கு இருந்தது வாய் ஒன்றுதான். அதனால் அவள் பக்கத்தில் குனிந்து எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்:

"எனக்காவ ஒண்ணும் நீ சாகல. உனக்குச் சாகணும்னு ஆச. இந்த வீட்டுல நீ பட்ட பாட்டுக்கு எப்பவோ செத்திருப்ப. பாவம்னு பயந்து கெடந்த. எனக்குச் சீக்கு வந்ததும் உனக்கு ஒரு சாக்கு கெடச்சுட்டு. என் பேரச் சொல்லி நீ தப்பிச்சுப் போகப் பாக்க. ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன்னு சொல்லாத."

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். அக்கா கண்ணைத் திறந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. அந்த முகம் வெறுமையாகி, வலி என்றால் வலி மட்டுமே தெரிகிற முகமாக மாறுவதை அருகிலிருந்து பார்த்தேன்.

"ஆமாலே," என்றாள். கொஞ்சம் கழித்து, "வலி பொறுக்க முடியல. தூக்கு."

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் ஜீப் டிரைவர். "ஜல்தி, ஜல்தி!" என்று கத்திக்கொண்டே அக்காவைத் தூக்கிப் பின்னால் கிடத்தினார். பிலோமினா வரவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

டாக்டர் வயிற்றை அழுத்திவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தார். அக்கா அலறினாள். குடலின் ஓரத்தில் விரல்போல ஒரு சிறு குழாய் தொங்குகிறது. அதற்கு அப்பெண்டிக்ஸ் என்று பெயர். அது அடைபட்டு வீங்கிச் சீழ்வைக்கும். வெடித்தால் வயிறு முழுவதும் சீழ் பரவும். அக்காவுக்கு வெடித்திருந்தது. உடனே உள்ளே கொண்டுபோனார்கள்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே நடந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அக்கா பிழைக்கவேண்டும் என்று செபம் சொல்லிக்கொண்டிருந்தவன், பாதியில் என் தாடையைத் தொட்டுப் பார்த்தேன். வாயைத் திறந்து திறந்து மூடினேன். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பினேன். அவள் பிழைக்கப் பிழைக்க எனக்கு இறுகுகிறதா என்று சோதித்தேன். பிலோமினாவைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு வந்தவன்தான் அப்படிச் செய்தேன். எங்கள் எல்லாருக்குள்ளும் ஓர் ஆண்டவர் இருந்தார். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறவர். அவருக்குப் பயந்துதான் அத்தனை நாளும் முழங்காலிட்டிருக்கிறோம் என்று அந்தப் பெஞ்சில் எனக்குத் தெரிந்தது.

அக்கா பிழைத்தாள். சீழ் வடிய வயிற்றில் ரப்பர் குழாய் செருகியிருந்தார்கள். தினமும் கட்டுப் பிரிக்கும்போது அவள் கட்டில் கம்பியைப் பிடிக்கிற பிடியில் விரல்கள் வெளுத்துப்போகும். என்னைப் பார்த்த அதே மலையாளத்து நர்ஸ்தான் அவளையும் பார்த்தார். கையைத் தொட்டுக் கும்பிட்டவர்களில் ஒருவரும் வரவில்லை. டீச்சரம்மாவும் வரவில்லை. உயிரோடு இருக்கிற அக்காவிடம் சொல்லியனுப்ப அவர்களுக்கு ஒன்றும் இல்லை. கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டவள் என்று கோயிலடியில் பேசிக்கொண்டார்கள்.

அக்கா என்னோடு பேசவில்லை. சில நாள் கழித்துப் பேசியபோது இதைத்தான் சொன்னாள்: "நீ சொன்னது நெசம்தான். ஆனா அதச் சொன்ன வாயி பூட்டியே கெடந்திருக்கலாம்."

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.

மழைக்காலம் கழிந்து கடல் தணிந்த பிறகுதான் சாமியார் நிக்கோபாரிலிருந்து வந்துசேர்ந்தார். ராஞ்சிப் பக்கத்துக்காரர், தமிழ் அரைகுறை. கப்பலில் வாந்தியெடுத்துக் கண் குழிந்துபோய், நேராக வார்டுக்கு வந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "ஆண்டவர் என்ன வேண்டாம்னுட்டாரா சாமி?" என்று கேட்டாள்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நமக்காக ஒருத்தர் செத்தாச்சு அம்மா. ஏற்கெனவே. தூஸ்ரா ஆத்மி, இன்னொரு ஆள், அவருக்கு வேண்டாம். நீயும் வேண்டாம், சூசையும் வேண்டாம்."

"அப்போ நான் எதுக்கு இருக்கேன்?"

சாமியார் கட்டிலோரம் உட்கார்ந்தார். "மாலூம் நஹி, அம்மா. எனக்குத் தெரியாது" என்றார். பிறகு அவளுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பதில் அக்காவைச் சமாதானப்படுத்தியதாகச் சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து அவள் அழுவதை நிறுத்தினாள். கட்டுப் பிரிக்கும்போது சத்தமாகத் திட்டத் தொடங்கினாள். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவள், எழுந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரி முனகினால் நர்சைக் கூப்பிட்டாள். ஒரு நாள் என்னிடம், "ஊருக்குக் கப்பல் எப்போ?" என்று கேட்டாள். சொன்னேன். யோசித்தாள். "வேண்டாம். உன் வீட்டுக்கே வாரேன்" என்றாள். "அந்த வீட்டுக்குப் போறதத்தான் என்னால தாங்க முடியாது. இனியும் தப்பிச்சு ஓடுனேன்னு இருக்காண்டாம். அதனால அங்கயே வாரேன்."

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று மத்தியானம் பிலோமினா சோறு வடித்துவைத்திருந்தாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் மெதுவாக உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பிலோமினா அகப்பையோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

"நீ ஆமென் சொன்னது எனக்குக் கேட்டுச்சு பிலோ," என்றாள் அக்கா.

பிலோமினா மறுக்கவில்லை. "எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு மைனி. வேற என்ன சொல்லச் சொல்லுதிய?"

"வேற ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. உன் எடத்துல நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டுச்சு. அத நான் மறக்க மாட்டேன். மறந்துட்டேன்னு உன்கிட்ட பொய்யும் சொல்ல மாட்டேன்."

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு," என்றாள் பிலோமினா. "நீங்க பிழைச்சு வந்ததுல எனக்குச் சந்தோசமே வரல மைனி."

"வராண்டாம். நான் உசுரோட இருப்பேன். இவனும் உசுரோட இருப்பான். ரெண்டையும் நீ பாத்துக்கிட்டே இரு. என்னைக்குப் பயம் தெளியுதோ அன்னைக்குத் தெளியட்டும். இப்போ சோத்தப் போடு, பசிக்கி."

பிலோமினா போட்டாள். அகப்பை தட்டில் இடித்துச் சோறு தரையிலும் சிதறியது. அக்கா சிதறியதையும் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

பிலோமினாவின் பயம் தெளிய வருசங்கள் ஆயின. அதுவரை ஒவ்வொரு நாளும் அக்கா அவள் கண்முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாள்.